ட்வின் பீக்ஸ்: பிணத்தின் முன்னால் சிரிக்கலாமா?

கேள்வி இது: "‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் முதல் நான்கு எபிசோட் பார்த்துவிட்டேன். பிணத்தைப் பார்த்ததும் போலீஸ்காரர் தேம்பித் தேம்பி அழுகிறார். சவ அடக்கத்தில் அப்பா சவப்பெட்டி மேலேயே போய் விழுகிறார், அது மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. சிரிப்புக்காக எடுத்தார்களா, சீரியஸாக எடுத்தார்களா என்றே பிடிபடவில்லை. 1990-ல் பார்த்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அவ்வளவு கொண்டாடினார்கள் என்றால் ஏன் ஒரே வருடத்தில் நின்றது? மேற்கொண்டு பார்க்கலாமா? முதலில் இதையொட்டி வந்த திரைப்படத்தைப் பார் என்று ஒரு நண்பர் சொல்கிறார்."

முதலில் ஒரு உறுதி. கொலையாளி யார் என்பதை இந்தப் பதிலில் எங்கும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இன்னும் பார்க்காத இரண்டொரு காட்சிகளைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வந்த திணறல் அன்றைக்குப் பார்த்த எல்லோருக்கும் வந்ததுதான். கொலையான பள்ளி மாணவி லாரா பால்மரின் உடல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஏரிக்கரையில் கிடக்கிறது. போட்டோ எடுக்க வேண்டிய டெபுடி ஆண்டி அழுகிறார். ஷெரிஃப் சலித்துக்கொள்கிறார், ஏனென்றால் ஆண்டி போன தடவையும் இப்படித்தான் அழுதாராம். சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்தில் லாராவின் அம்மா போனில் கணவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, மறுமுனையில் ஷெரிஃப் வந்து நிற்பதை வைத்து விஷயத்தைப் புரிந்துகொண்டு அலறுகிறாள். அப்பா கையிலிருந்து ரிசீவர் நழுவுகிறது. கேமரா அந்த வயரைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்குகிறது, தொங்கும் ரிசீவருக்குள்ளிருந்து அலறல் வந்துகொண்டே இருக்கிறது. வேறு எந்தத் தொடரிலும் இதை இரண்டு நொடியில் வெட்டியிருப்பார்கள். இங்கே வெட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் மைக்கில் செய்தியைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் உடைந்துபோகிறார். ஒரு ஊரே உட்கார்ந்து அழுகிறது.

அன்றைய அமெரிக்க டிவியில் இது புதிது. துப்பறியும் தொடர்களில் பிணம் என்பது கதையைத் தொடங்கிவைக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். பிணத்தைக் காட்டுவார்கள், போலீஸ் வரும், அடுத்த காட்சியில் யாரையாவது விசாரித்துக்கொண்டிருப்பார்கள். செத்தவளுக்காக அழ யாருக்கும் நேரம் இருக்காது. அழுவது பகல்நேர சீரியல்காரர்களின் வேலை. தொடரை உருவாக்கிய டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கினார்கள். ஃப்ராஸ்ட் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ என்ற போலீஸ் தொடருக்கு எழுதியவர், டிவியின் நெளிவுசுளிவு தெரிந்தவர். லிஞ்ச் சினிமாவிலிருந்து வந்தவர். ஒரு காட்சி எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று சேனல் சொல்வதைக் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

1990 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏபிசி சேனலில் முதல் எபிசோட் வந்தபோது சுமார் 3.46 கோடிப் பேர் பார்த்தார்கள். இந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அடுத்த நான்கே நாளில் வியாழக்கிழமைக்கு மாற்றி, ‘சியர்ஸ்’ என்ற அசைக்க முடியாத நகைச்சுவைத் தொடருக்கு எதிரே நிறுத்தினார்கள் என்பதையும், அப்போதிருந்தே கூட்டம் கரைய ஆரம்பித்தது என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஏப்ரல் 19 அன்று சிவப்புத் திரைச்சீலை அறை வந்தது. நடிகர்கள் வசனத்தைத் தலைகீழாகப் பேசி, அதைத் திருப்பி ஓட்டிய அந்தக் கனவுக் காட்சி. "இது எனக்கான தொடர் இல்லை" என்று பலர் எழுந்து போனதும் அங்கேதான், மற்றவர்கள் பைத்தியம் பிடித்து ஒட்டிக்கொண்டதும் அங்கேதான்.

ஒட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? செர்ரி பை, டோனட், கறுப்புக் காபி என்று கொலையைத் துப்பறிய வரும் எஃப்.பி.ஐ. ஏஜெண்ட் கூப்பர் ருசித்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு நண்பர்களோடு கூடிப் பார்த்தார்கள். வீடியோ டெக்கில் பதிவு செய்து, ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, சுவரில் என்ன மாட்டியிருக்கிறது, கண்ணாடியில் யார் முகம் தெரிகிறது என்று தேடினார்கள். இணையம் பொதுமக்களுக்கு வந்து சேராத காலம். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களில் யூஸ்நெட் என்ற செய்திக்குழு வசதி மட்டும் இருந்தது. அதில் இந்தத் தொடருக்கென்றே ஒரு குழு தொடங்கி, யார் கொலையாளி என்று பக்கம் பக்கமாக வாதாடினார்கள். ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் அந்த வாதங்களை எடுத்து ஆராய்ந்து கட்டுரையே எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஒரு வெப் சீரிஸ் வந்த அன்றிரவே பத்து வீடியோக்களில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறோமே, அதற்கெல்லாம் பாட்டன் அந்தக் குழுதான்.

இப்போது சவப்பெட்டிக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு அந்த எபிசோடே ஒரு பதில் வைத்திருக்கிறது. கவனித்தீர்களா? அடக்கம் முடிந்த பிறகு உணவகத்தில் ஷெல்லி என்ற பணிப்பெண், சவப்பெட்டி ஏறி இறங்கியதை வாடிக்கையாளர்களுக்கு நடித்துக் காட்டுகிறாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கொஞ்சம் முன்னால் நாம் வீட்டில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. ஆனால் அவர்கள் சிரிப்பதைப் பார்க்கும்போது நமக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஒரு குழந்தை செத்துப்போயிருக்கிறது, என்ன சிரிப்பு இது என்று தோன்றுகிறது. நம் சிரிப்பை எடுத்து நமக்கே காட்டிவிட்டார்கள். சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை பேசிச் சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து ஒப்பாரி எழும்பியதும் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறோமே, அந்த நிலைமைதான். அதனால் "சிரிப்பா, சீரியஸா" என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டும்தான். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தொடர் ஏன் சரிந்தது என்பதற்கும் இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பொதுவாகச் சொல்லப்படும் காரணம் வேறு. பத்து வருடம் முன்பு ‘டல்லஸ்’ தொடரில் ஜே.ஆர். என்ற பாத்திரத்தை யார் சுட்டார்கள் என்ற கேள்வியோடு சீசனை முடித்து, 1980 நவம்பரில் விடை சொன்னபோது அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கும் மேலானவர்கள் பார்த்தார்கள். அந்த ருசியை எந்தச் சேனலும் மறக்கவில்லை. "லாரா பால்மரைக் கொன்றது யார்?" என்பது அதே தூண்டில். 1990 மே 23 அன்று முதல் சீசன் முடிந்தது. விடை வரும் என்று காத்திருந்தவர்களுக்கு விடைக்குப் பதில் கூப்பரின் மார்பில் குண்டு பாய்வதைக் காட்டினார்கள். கோபம் வந்தது. நியாயமான கோபம்தான், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். செப்டம்பர் 29 அன்று ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சிக்குக் கூப்பராக நடிக்கும் கைல் மெக்லாக்லனே போய்த் தன் தொடரைக் கிண்டலடித்து நடித்தார். அதில் கொலையாளி வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். கூப்பர் கேஸை முடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். நாடே பேசிக்கொண்டிருந்த குறை அதுதான்.

மறுநாள் இரண்டாவது சீசன் தொடங்கியது. குண்டடிபட்டு ஓட்டல் அறைத் தரையில் ரத்தம் வழியக் கிடக்கிறார் கூப்பர். வயதான சர்வர் ஒருவர் சூடான பாலோடு வருகிறார். ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. பில்லில் கையெழுத்து வாங்குகிறார். போகிறார், திரும்பி வருகிறார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார், போகிறார், மறுபடி வருகிறார். நிமிடக்கணக்கில் இதுவே நடக்கிறது. நான்கு மாதம் விடைக்காகக் காத்திருந்தவர்கள் ரிமோட்டைத் தேடியிருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது தொடரில் எனக்கு மிகப் பிடித்த ஐந்து காட்சிகளில் அது ஒன்று. அந்தச் சர்வரை நினைவில் வையுங்கள், அவர் திரும்ப வருவார்.

தொடரை அப்போது சனிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியிருந்தார்கள். கூட்டமாகக் கூடிப் பார்த்த இளவட்டங்கள் சனிக்கிழமை இரவில் டிவி முன்னால் உட்காருவார்களா? ஏபிசியின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவராக இருந்தவர் பாப் ஐகர், பிற்காலத்தில் டிஸ்னி நிறுவனத்தின் தலைவராக ஆனவர். தொடருக்காக ஆரம்பத்தில் சேனலுக்குள் மல்லுக்கட்டியவரும் அவர்தான், விடையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நெருக்கியவரும் அவர்தான். லிஞ்சுக்கு விடை சொல்லும் எண்ணமே இல்லை. பொன்முட்டையிடும் வாத்தை அறுத்துவிட்டோம் என்று கடைசி வரை புலம்பினார்.

விடை 1990 நவம்பர் 10 அன்று வந்தது. ரகசியம் கசியக் கூடாது என்று அதே காட்சியை வேறு வேறு நடிகர்களை வைத்தும் படம்பிடித்திருந்தார்கள். எபிசோடை இயக்கியவர் லிஞ்சே. நான் எதையும் சொல்லப்போவதில்லை. அதில் சிரிப்பு துளிகூட இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். டிவியில் அப்படியொரு வன்முறையை, அவ்வளவு வலியோடு, அதுவரை யாரும் காட்டியதில்லை. அது நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஊரின் இன்னொரு மூலையில் ஒரு மதுக்கூடத்தில் கூப்பர் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கிழட்டு சர்வர் அவரிடம் வருகிறார். தோளைத் தொட்டு, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்கிறார். அவ்வளவுதான். கூடியிருப்பவர்களில் சிலர் காரணம் தெரியாமலே அழ ஆரம்பிக்கிறார்கள். செப்டம்பரில் யாரைத் திட்டிக்கொண்டு சிரித்தோமோ, நவம்பரில் அவர்தான் துக்கம் சொல்ல வருகிறார்.

இதற்கப்புறம் தொடர் விழுந்தது. விடை தெரிந்ததும் மக்கள் போய்விட்டார்கள், பொறுமையில்லாத கூட்டம் என்று ரசிகர்களில் பலர் இன்றும் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. போனவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. டிசம்பர் 8 அன்று வந்த எபிசோடைப் பாருங்கள். ஒரு துக்க வீட்டில் ஊர் கூடியிருக்கிறது. தட்டில் சாப்பாட்டை அள்ளிக்கொண்டு பேசிச் சிரிக்கிறார்கள். கிழட்டு மேயரும் அவருடைய கிழட்டுத் தம்பியும் குழாயடிச் சண்டை போடுகிறார்கள். நான்காவது எபிசோடின் சவ அடக்கத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டும் சாவு, இரண்டிலும் வேடிக்கை. ஆனால் இங்கே உள்ளே யாரும் அழவில்லை. வெறும் திண்ணை மட்டும் இருக்கிறது.

அங்கிருந்து வேடிக்கை வேடிக்கைக்காகவே வருகிறது. நினைவு தப்பித் தன்னைப் பள்ளி மாணவி என்று நினைத்துக்கொள்ளும் பலசாலிப் பெண், அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தன் அறையிலேயே மறுபடி நடத்தும் பணக்காரர், மேஜைக் கைப்பிடிக்குள் மாட்டிக்கொள்ளும் ஆத்மா. ரசிகர்கள் கிறுக்குத்தனத்தைக் கேட்கிறார்கள், கொடுத்துவிடுவோம் என்று நினைத்தது போல. லிஞ்சும் ஃப்ராஸ்டும் அப்போது தங்கள் தங்கள் படவேலைகளில் இருந்தார்கள். போதாக்குறைக்கு 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கி, செய்திக்காகச் சில வாரம் தொடரையே நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். பிப்ரவரியில் காலவரையின்றி ஒத்திவைப்பு. ஆக, சோகம் போனதும் நகைச்சுவைக்கு எடை போய்விட்டது. அதைப் பார்வையாளர்கள் மூக்கால் மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் என் கட்சி.

மிச்சம் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தொடரைக் கொல்வதை எதிர்க்கும் குடிமக்கள் என்ற பொருளில் ஒரு அமைப்பு தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அதன் சுருக்கப் பெயர் ‘கூப்’ என்று வரும், ஹீரோவின் செல்லப் பெயர். ஏபிசிக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் போயின. லிஞ்சே டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சிக்குப் போய், பாப் ஐகருக்குக் கடிதம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மார்ச் கடைசியில் சில வாரம் உயிர் வந்தது. மறுபடி நின்றது. 1991 ஜூன் 10 அன்று கடைசி இரண்டு எபிசோடையும் ஒரே இரவில் ஓட்டிக் கணக்கை முடித்தார்கள். அந்தக் கடைசி எபிசோடை லிஞ்ச் இயக்கினார். மேலே சொன்ன சறுக்கலையெல்லாம் மன்னிக்க வைக்கிற ஒரு மணி நேரம். அதில் சிவப்பு அறையில் தோன்றும் லாரா கூப்பரிடம், 25 வருடம் கழித்து மறுபடி பார்ப்போம் என்கிறாள். அப்போது அது ஒரு குரூரமான ஜோக் மாதிரி இருந்தது.

1992-ல் வந்த திரைப்படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ‘ஃபயர் வாக் வித் மீ’. லாராவின் கடைசி ஏழு நாள். செர்ரி பை கிடையாது, ஆண்டி கிடையாது, கூப்பரே சில நிமிடம்தான். காபிக் கோப்பையோடு தியேட்டருக்குப் போனவர்களுக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. விமர்சகர்கள் கிழித்தார்கள், அமெரிக்காவில் படம் படுத்தது. ஆனால் லாராவாக நடித்த ஷெரில் லீயிடம், பாலியல் வன்முறையைத் தாண்டி வந்த பலர் இந்தப் படத்துக்காக நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணைப் பிணமாகப் பார்த்து விடுகதை போட்டு விளையாடினோம். அவள் உயிரோடு என்ன பாடுபட்டாள் என்று காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இந்தப் படத்துக்குப் பேர் கிடைக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

நடுவில் ரசிகர்கள் விடவில்லை. ‘ராப்டு இன் பிளாஸ்டிக்’ என்று ஒரு பத்திரிகையை 1992 முதல் 2005 வரை நடத்தினார்கள், 75 இதழ்கள். படப்பிடிப்பு நடந்த வாஷிங்டன் மாநிலத்து ஸ்னோக்வால்மி அருவிக்கும், நார்த் பெண்டு உணவகத்துக்கும் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. ஜப்பானில் இந்தத் தொடருக்குப் பிடித்த பித்து தனிக்கதை. கூப்பரையும் ஊர்க்காரர்களையும் வைத்து அங்கே ஒரு டின் காபிக்கு லிஞ்சே விளம்பரப் படங்கள் எடுத்துக் கொடுத்தார்.

2017 மே 21 அன்று ஷோடைம் சேனலில் மூன்றாவது சீசன், 18 பகுதிகள், எல்லாவற்றையும் லிஞ்சே இயக்கினார். அன்றிரவு நேரடியாகப் பார்த்தவர்கள் சுமார் 5 லட்சம்தான். 1990-ன் கூட்டத்தில் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கு. பழைய ரசிகர்கள் காபியோடு உட்கார்ந்தார்கள், கூப்பர் வரவில்லை. வந்தவர் டகி ஜோன்ஸ், பேச்சும் நினைவும் இல்லாமல் கூப்பரின் முகத்தோடு லாஸ் வேகஸில் தட்டுத்தடுமாறித் திரிபவர். வாரக்கணக்கில் இதுவே. பதினாறாவது பகுதியில்தான் கூப்பர் கண் விழித்தார். ஏழாவது பகுதியில் ஒருவர் மதுக்கூடத் தரையைப் பெருக்குகிறார், இரண்டு நிமிடத்துக்கு மேல், பெருக்குவது மட்டும். எட்டாவது பகுதியில் 1945 ஜூலை 16 அணுகுண்டுச் சோதனைக்குள்ளேயே கேமரா நுழைந்தது. திட்டியவர்கள் ஏராளம். ‘கையே து சினிமா’ என்ற பிரெஞ்சுப் பத்திரிகையோ, அந்தப் பத்தாண்டின் சிறந்த திரைப்படம் என்று இந்தத் தொடரைத் தேர்ந்தெடுத்தது. டிவி தொடர் எப்படித் திரைப்படம் ஆகும் என்று அதற்கு வேறு ஒரு சண்டை.

எனக்கு அந்தச் சீசனில் முக்கியமான எதிர்வினை வேறு இடத்தில் இருக்கிறது. மரக்கட்டையைக் குழந்தை மாதிரி ஏந்தித் திரியும் ஒரு அம்மாளைப் பார்த்திருப்பீர்கள், லாக் லேடி. 1990-ல் அவர் ஒரு ஜோக். நடித்தவர் கேதரின் கோல்சன். 2017 சீசனுக்கான தன் காட்சிகளைப் புற்றுநோயின் கடைசி நாட்களில் நடித்துக் கொடுத்துவிட்டு 2015 செப்டம்பரில் இறந்துபோனார். பதினைந்தாவது பகுதியில் அந்தப் பாத்திரம் போனில் பேசுகிறது, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மடியில் கட்டை. நான் சாகப்போகிறேன் என்கிறார். பிறகு அவர் வீட்டு ஜன்னல் விளக்கு அணைகிறது. அன்றிரவு கட்டையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

சரி, பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பாருங்கள். இரண்டாவது சீசனில் ஜேம்ஸ் என்ற இளைஞன் பைக்கை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகும் கட்டம் வந்தால் அந்தக் கிளைக்கதையை மட்டும் ஓட்டிவிடலாம், ஒன்றும் குடி முழுகாது. கடைசி எபிசோடை மட்டும் இரவில், வேறு வேலை இல்லாதபோது பாருங்கள். படத்தை முதலில் பார்க்கச் சொன்ன நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள். கதைப்படி அது முன்னால் நடப்பதுதான். ஆனால் நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் அந்த ஆள் அதில் ஒளிவுமறைவே இல்லாமல் வந்து நிற்பார்.